மேலே உஷ்ணம், கீழே குளிர்

2018-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் ஐரோப்பாவில் நிகழ்ந்த விசித்திரத்தை நமது வாசகர்களிற் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அம்மாதம் 26-ந் தேதி காலையில் ரோமாபுரி மக்கள் கண்விழித்தபோது கொலோஸியத்தின் வளைவுகளின் மீதும், புனித பேதுரு ஆலயத்தின் முன்முற்றத்திலும் வெண்பனி படிந்து கிடக்கக் கண்டனர். இளங்குருமார்கள் அம்முற்றத்திலே பனியுருண்டைகளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினர். ஆறு வருஷங்களாக அந்நகரம் காணாத காட்சி அது. அதற்கு ஓரிரு தினங்களுக்கு முன்னதாக, வட துருவத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில், கிரீன்லாந்தின் வடகோடியான மாரிஸ் ஜெஸப் முனையில் உஷ்ணமானி 6 டிகிரி சென்டிகிரேட் காட்டிற்று. சூரியன் மாதக்கணக்காக உதியாத இடம். குளிர்காலமும் இன்னும் கழியவில்லை. அங்கே பனி உருகுகிறது, ரோமாபுரியிலோ பனி பெய்கிறது! வீட்டின் வாயிற்கதவையும் புறக்கடைக் கதவையும் ஒருசேரத் திறந்துவிட்டாற்போல, தெற்கத்திக் காற்று வடக்கேயும் வடக்கத்திக் காற்று தெற்கேயும் இடம் மாறிவிட்டன.

இக்கதவுகளைத் திறந்தது யார் என்று விசாரிக்கப் புகுந்தால், முக்கியமான சாட்சி மிக உயரத்தில் இருக்கக் காண்கிறோம். அதே மாதம் 12-ந் தேதி, பூமிக்குமேல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், துருவப் பிரதேசத்தை வளைத்து மேற்கிலிருந்து கிழக்காக வீசிக்கொண்டிருந்த பெருங்காற்று தளர்ந்து, நின்று, எதிர்த்திசையில் திரும்பிவிட்டது. அவ்வுயரத்து வாயுவின் உஷ்ணமோ சில தினங்களுக்குள் வெகுவாக உயர்ந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்குப் பின்னரே கீழே குளிர் வந்தது. மேலே உஷ்ணம் ஏறினால் கீழே குளிர் மிகும் என்பது முன்னுக்குப் பின் முரணான கூற்றாகத் தோன்றும். ஆயினும் இது பரிசோதித்து அறியப்பட்ட விஷயம். இது எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் உண்மையன்று என்பதைச் சற்று விரிவாகவே கவனிக்க வேண்டும். இதைச் சரியாக அறிந்தால் மனித உயிர்களைக் காக்கலாம். அரைகுறையாக அறிந்தாலோ மனிதர் செய்த பிழையை ஆகாயத்தின் தலையில் ஏற்றித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டும் நடந்திருக்கின்றன.

உயரே செல்லச் செல்லக் குளிர் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் 19-ம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய விஞ்ஞானிகளின் எண்ணம். 1902-ல் டெய்ஸ்ரென் த போர் என்னும் பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகருக்கருகில் தாம் வருஷக்கணக்காகப் பறக்கவிட்ட பலூன்களின் கணக்குகளைக் கொண்டு, சுமார் 11 கிலோமீட்டருக்குமேல் குளிர் ஏறுவது நின்றுவிடுகிறது என்று நிரூபித்தார். அவ்வெல்லைக்கு மேலே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரையில் உள்ள அடுக்கே ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படுவது. மேகம், மழை, இடி, புயல் எல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழுள்ள அடுக்கின் காரியங்கள். ஆகவே மேலடுக்குக்கும் நமது அன்றாட வானிலைக்கும் சம்பந்தமே இல்லையென்று அரை நூற்றாண்டுக் காலம் எண்ணியிருந்ததில் வியப்பொன்றுமில்லை.

யுத்தத்தில் இடிந்து, நான்கு வல்லரசுகளின் கையில் துண்டுபட்டுக் கிடந்த பெர்லின் நகரத்திலேதான் அந்த எண்ணத்திற்கு முதல் அடி விழுந்தது. அங்கே புதிதாக ஏற்பட்ட சுதந்திர சர்வகலாசாலையில் வானிலை சாஸ்திரப் போதகராயிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்பவர், டெம்பல்ஹாப் விமான நிலையத்திலிருந்து பலூன்களில் கட்டி அனுப்பிய கருவிகளின் செய்திகளை ஆராய்ந்து வந்தார். 1952-ம் வருஷம் ஜனவரியிலும் மறுபடி பிப்ரவரியிலும் மேலடுக்கின் உஷ்ணம் திடீரென்று எழும்பியதை அவர் கண்டார். வெடி வெடித்தாற்போன்ற உஷ்ணமேற்றம் என்று அதற்குப் பெயரிட்டுப் பிரசுரித்தார். பெர்லின் நிகழ்ச்சி என்றும் அது வழங்கலாயிற்று. கண்டவர் கண்டாரே தவிர, காரணம் விளங்குவதற்கு மேலும் 20 வருஷங்கள் சென்றன.

அக்காரணத்தை எளிய முறையில் சொல்லப் பார்க்கிறோம். குளிர்காலத்தில் துருவப் பிரதேசத்துக்குச் சூரிய வெளிச்சம் கிடையாது. வெயிலற்ற அந்நீண்ட இரவில் மேலடுக்கின் வாயு பூஜ்யத்திற்குக் கீழே 80 டிகிரி வரையில் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த அவ்வாயுத் திரளைச் சுற்றி, கோட்டை மதில்போல, மேல்காற்று ஒன்று அதிவேகமாகச் சுழன்று கொண்டிருக்கும். இதையே துருவச் சுழல் என்கின்றனர். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி வாக்கில் தோன்றி, வசந்த காலத்தில் சூரியன் திரும்பியதும் கலைந்துவிடுவது அதன் இயல்பு.

இந்த மதிலைத் தாக்குவது கீழிருந்து எழும் பேரலைகள். மேல்காற்று இமயமலை, திபெத்து பீடபூமி, அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் ஆகியவற்றின்மேல் மோதி நெளியும்போதும், குளிர்ந்த நிலத்திற்கும் வெதுவெதுப்பான சமுத்திரத்திற்கும் உள்ள உஷ்ண பேதத்தாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் வாயுமண்டலத்தில் உண்டாகின்றன. இவ்வலைகள் மேல்காற்று வீசும்போது மட்டுமே மேலடுக்குக்கு ஏற முடியும் என்பதைச் சார்னி, டிராஸின் என்ற இருவர் 1961-ல் கணித மூலமாகக் காட்டினர். கோடையில் அங்கே கீழ்க்காற்று வீசுவதால் வழி அடைபட்டிருக்கும். ஆகையால்தான் இக்கலகம் குளிர்காலத்திற்கே உரியதாக இருக்கிறது. எஞ்சிய முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானியரான தாரோ மட்ஸுனோ. 1971-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: கடற்கரையில் அலை உடைவதுபோலப் பேரலைகள் மேலடுக்கில் உடைகின்றன, உடையும்போது சுழலும் காற்றின் வேகத்தைத் தடுக்கின்றன, வேகம் குறைந்தால் வாயு துருவத்தை நோக்கி ஒதுங்கிக் கீழிறங்குகிறது, இறங்கும் வாயு அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவருக்கு இந்தக் கடைசி விஷயம் புதிதன்று. வறண்ட வாயு ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி உஷ்ணம் ஏறும். இவ்விதமாக ஒரு வாரத்திற்குள் 40, 50 டிகிரி ஏறிவிடுவதுண்டு. சில சமயம் துருவச் சுழல் தன் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். சில சமயம், 2018-ல் நேர்ந்ததுபோல, இரண்டாகப் பிளந்துவிடும்.

வட கோளத்தில் இத்தகைய பெருங்குலைவு பத்து வருஷங்களில் ஏறக்குறைய ஆறு முறை ஏற்படுகிறது. தென் துருவத்தைச் சுற்றிப் பெரும்பாலும் சமுத்திரமேயாதலாலும், அலைகளை எழுப்பத்தக்க மலைகளும் நிலங்களும் குறைவாதலாலும், அங்கே இது மிக அரிது. முழுக் குலைவு என்று சொல்லத்தக்கது 2002-ம் வருஷம் செப்டம்பரில் ஒருமுறை நிகழ்ந்தது. 2019 செப்டம்பரில் மற்றொன்று அரைகுறையாக நிகழ்ந்தது. அதன் பயனாக ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் குளிரல்ல, உஷ்ணமும் வறட்சியுமே கூடின. அவ்வருஷத்திய காட்டுத் தீக்கு அது ஒரு துணைக் காரணமென்று கருதப்படுகிறது.

இனி, மேலே நடந்த கலகம் கீழே எவ்வாறு வந்து சேருகிறது? பலர் நினைப்பதுபோல மேலடுக்கின் குளிர்ந்த வாயு நம் தலைமீது கொட்டுவதில்லை. மேலேதான் குளிர் குறைந்துவிட்டதே! கீழே இறங்குவது வாயுவன்று, நிலைமாற்றம். சுழல் தளர்ந்ததும் துருவப் பிரதேசத்தின்மீது வாயுவின் அழுத்தம் கூடுகிறது. இம்மாறுதல் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கி, 10 அல்லது 12 கிலோமீட்டர் உயரம்வரை வந்து அங்கே தங்கிவிடுகிறது. கீழடுக்கில் ஓடும் ஜெட் காற்றோட்டம் அதனால் தெற்கே தள்ளப்படுகிறது. வழக்கமாக அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து ஐரோப்பாவுக்கு இதமான மேல்காற்றைக் கொண்டுவருவது அவ்வோட்டமே. அது விலகியவுடன், சைபீரியாவின் உறைந்த சமவெளிகளிலிருந்து கீழ்க்காற்று புகுந்துவிடுகிறது. ஆக, லண்டனையும் ரோமாபுரியையும் நடுக்கிய குளிர் ஆகாயத்திலிருந்து விழுந்த குளிரன்று. சைபீரியாவின் தரையிலேயே விளைந்த குளிர். ஒரிடத்தில் குளிர் தெற்கே பாய்ந்தால், வேறோரிடத்தில் உஷ்ணம் வடக்கே பாய்ந்தாக வேண்டும். கிரீன்லாந்தும் கனடாவின் வடகிழக்குப் பகுதியும் அப்போது இயல்புக்கு மிஞ்சிய உஷ்ணம் பெறுவது அதனாலேயே. உலகமே குளிர்ந்துவிட்டது என்று அத்தருணங்களில் ஆரவாரம் செய்வோர் வரைபடத்தின் ஒரு பாதியை மட்டும் பார்ப்பவர்கள்.

மேலடுக்குக்குக் கீழடுக்கைப் போல மறதி இல்லை. மேகங்களின் உலகில் நேற்றைய நிலை பத்து நாளில் அழிந்துபோகும். மேலேயோ ஒருமுறை குலைந்தது சீர்ப்பட வாரக்கணக்கில் ஆகும். 2001-ல் மார்க் பால்ட்வின், திமோதி டன்கர்ட்டன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், சுழல் தளர்ந்ததன் பிறகு சுமார் 60 நாட்கள் வரை தரைமட்ட வானிலையில் அதன் சாயல் காணப்படுவதாகப் பல வருஷத்துக் கணக்குகளிலிருந்து எடுத்துக்காட்டினர். வானிலை முன்னறிவிப்பு இலாகாக்கள் மேலடுக்கைக் கண்ணுங்கருத்துமாகக் கவனிக்கத் தொடங்கியதற்கு இதுவே பெரிய தூண்டுதல்.

பூமத்திய ரேகையின் மேலுள்ள ஆகாயத்திற்கும் இதில் பங்குண்டு என்பது நமது நாட்டினருக்குச் சுவையான செய்தி. நம் தலைக்கு நேர்மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில், கீழ்க்காற்றும் மேல்காற்றும் சுமார் 28 மாதங்களுக்கு ஒருமுறை சுற்றுமாறி வீசுகின்றன. அங்கே கீழ்க்காற்று வீசும் குளிர்காலங்களில் துருவச் சுழல் பலங்குன்றியிருப்பதை ஹோல்ட்டன், டான் என்போர் 1980-ல் கண்டறிந்தனர். இதற்கு மறுதலையாக, துருவத்துக் குலைவின் அதிர்ச்சி நம்மிடமும் வருகிறது. திருநெல்வேலியை அடுத்துள்ள பூகாந்த ஆராய்ச்சிக்கூடத்தார், துருவ உஷ்ணமேற்றக் காலங்களில் பூமத்திய ரேகைக்குமேல் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம் மாறுபடுவதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர்.

இனி விவகாரத்திற்கு வருவோம். ஒவ்வொரு கடுங்குளிருக்கும் துருவச் சுழலே குற்றவாளி என்று பத்திரிகைகள் எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2014 ஜனவரியில் அமெரிக்கா குளிரில் உறைந்தபோது அச்சொல் தலைப்புகளில் ஏறிற்று, அதன்பின் இறங்கவேயில்லை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர் என்ற முறையில், நல்ல தலைப்புக்கு ஆசைப்படுவதன் பலவீனத்தை நாம் அறிவோம். ஆனால் சந்தர்ப்ப சாட்சியத்தை எடைபோடாமல் தீர்ப்பளிக்கலாகாது.

குற்றச்சாட்டுக்கு ஆதரவான சாட்சியம் பலமாகவே இருக்கிறது. 1985-ம் வருஷம் பிறந்த சமயத்தில் மேலடுக்கில் காற்று திசைமாறிற்று. மூன்று வாரங்களுக்குள் அமெரிக்காவின் மத்தியப் பகுதியும் கிழக்குப் பகுதியும் உறைந்தன. ஜனவரி 20-ந் தேதி சிகாகோவில் பூஜ்யத்திற்குக் கீழே 33 டிகிரி. மறுநாள் வாஷிங்டனில் ஜனாதிபதி ரீகனின் இரண்டாவது பதவியேற்பு வைபவத்தைத் திறந்த வெளியில் நடத்த இயலாமல், காபிடல் மாளிகையின் உள்மண்டபத்திற்கு மாற்றினார்கள், ஊர்வலம் கைவிடப்பட்டது. புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகின. 2018-ல் பிரிட்டனில் சிவப்பு எச்சரிக்கை பிறப்பிக்கப்பட்டது. மார்ச் 1-ந் தேதியன்று தேவைக்கேற்ற எரிவாயு கைவசம் இல்லையென்று அந்நாட்டு விநியோக ஸ்தாபனம் பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது.

எதிர்த்தரப்புச் சாட்சியத்தையும் கேளுங்கள். 2019-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி மேலே அதேபோன்ற குலைவு நிகழ்ந்தது. பிரிட்டனில் மீண்டும் மிருகம் வருகிறதென்று எத்தனையோ பேர் நடுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். (முந்திய வருஷத்துக் குளிருக்குக் கிழக்கிலிருந்து வந்த மிருகம் என்று பத்திரிகைகள் பெயர் சூட்டியிருந்தன.) வந்ததோ வேறு. பிப்ரவரி 26-ந் தேதி, ரோமாபுரியில் பனி பெய்ததற்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி உஷ்ணம் பதிவாயிற்று. அந்நாட்டில் பிப்ரவரி மாதத்தில் அதற்குமுன் அவ்வளவு உஷ்ணம் பதிவானதே இல்லை. மேலடுக்கின் கலகம் அம்முறை பாதி வழியிலேயே தங்கிவிட்டது. இத்தகைய குலைவுகளில் மூன்றில் இரண்டு பங்கு தரைமட்டத்தில் தெளிவான பயனைத் தருகின்றன. மூன்றிலொரு பங்கு தருவதில்லை. சுழல் பலமாக இருந்த 2019-20 குளிர்காலமோ ஐரோப்பாவில் அதுவரை கண்டவற்றுள் மிக வெதுவெதுப்பானது. திராட்சை கொடியிலேயே உறைந்தால்தான் செய்யக்கூடிய ஒருவகை மதுவை ஜெர்மானியர் அவ்வருஷம் செய்ய முடியாமற் போயிற்று. ஆகவே மேலடுக்கு ஆணையிடுவதில்லை. இப்படி நேரக்கூடும் என்று பல வாரங்களுக்கு முன்பே குறிப்புக் காட்டுகிறது. குறிப்பறிந்து நடப்பது கீழே உள்ளவர்களின் பொறுப்பு.

அப்பொறுப்பு என்னவாயிற்று என்பதற்கு டெக்ஸாஸ் ராஜ்யத்தின் சரித்திரம் போதும். 2021 ஜனவரி 5-ந் தேதி மேலடுக்கில் பெருங்குலைவு நிகழ்ந்தது. பிப்ரவரி நடுவில் ஆர்க்டிக் குளிர் அமெரிக்காவின் தென்கோடிவரை இறங்கிற்று. 16-ந் தேதி டல்லாஸ் நகரில் பூஜ்யத்திற்குக் கீழே 19 டிகிரி. 1949-க்குப் பிறகு அங்கே அவ்வளவு குளிர் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி விஞ்ஞானிகளிடையே ஏகோபித்த தீர்ப்பு கிடையாது. ஜனவரிக் குலைவின் பங்கு சொற்பமென்பர் சிலர். சுழல் உடையாமல் நீண்டு வட அமெரிக்காவின்மேல் தொங்கும் மற்றொரு வகைக் கோணலே காரணமென்றும், ஆர்க்டிக் பிரதேசம் சூடேறுவதால் அக்கோணல் அடிக்கடி ஏற்படுகிறதென்றும் ஜூடா கோஹென் முதலியோர் அவ்வருஷம் செப்டம்பரில் எழுதினர். அதை மறுப்போரும் உளர்.

ஆனால் குளிர் வருகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமிருக்கவில்லை. கவர்னர் பிப்ரவரி 12-ந் தேதியே 254 ஜில்லாக்களுக்கும் ஆபத்து நிலையைப் பிரகடனம் செய்தார். 15-ந் தேதி அதிகாலையில் மின்சார உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இன்னும் 4 நிமிஷம் 37 விநாடி அந்நிலை நீடித்திருந்தால் ராஜ்யம் முழுவதும் வாரக்கணக்கில் இருண்டிருக்கும் என்று எர்காட் என்னும் மின்சார நிர்வாக ஸ்தாபனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் நின்றது. 246 பேர் இறந்ததாக ராஜ்ய சுகாதார இலாகா கணக்கிட்டது. அவர்களிற் பெரும்பாலோர் குளிரில் விறைத்தே மாண்டனர். செல்வமும் எரிவாயுவும் நிறைந்த ஒரு தேசத்தில், சொந்த வீட்டுப் படுக்கையில், விறைத்து மாண்டனர்.

காற்றாடிகள் உறைந்ததே காரணம் என்று முதலிற் சில ராஜீயவாதிகள் கூவினார்கள். விசாரணையில் வெளிவந்தது வேறு. அதிகமாக நின்றுபோனவை எரிவாயு நிலையங்கள். எரிவாயுக் கிணறுகளையும் குழாய்களையும் இயக்க மின்சாரம் வேண்டும். எங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தலாகாது என்று கோரும் ஒரு படிவத்தைப் பல கம்பெனிகள் தாக்கல் செய்யவே இல்லை. ஆகவே மின்சாரம் போதாதென்று அவற்றுக்கு மின்சாரத்தை வெட்டினர். வெட்டியதால் எரிவாயு நின்றது. அது நின்றதால் மேலும் மின்சாரம் குறைந்தது. 2011 பிப்ரவரியிலும் இதேபோல் குளிர் வந்து இதேபோல் மின்சாரம் நின்று, குளிருக்குத் தக்க பாதுகாப்புச் செய்யவேண்டுமென்று மத்திய அதிகாரிகள் அப்போதே விரிவான அறிக்கை எழுதினர். அது யோசனையாகவே இருந்தது, கட்டாயமாக்கப்படவில்லை. ராஜ்ய எல்லையைத் தாண்டி மின்சாரம் விற்றால் மத்திய சர்க்காரின் அதிகாரம் உள்ளே வந்துவிடுமென்று டெக்ஸாஸ் தன் மின்தொடரைப் பெரும்பாலும் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தது. அண்டை ராஜ்யங்களிலிருந்து போதிய அளவு கைமாற்று வாங்கவும் வழியில்லை.

2021 ஜூனில் டெக்ஸாஸ் சட்டசபையின் புதிய சட்டம் கையொப்பமாயிற்று. குளிர்ப் பாதுகாப்பு இப்போது கட்டாயம். உறவினரை இழந்தோரும் உடைமை இழந்தோரும் நியாயஸ்தலங்களை நாடினர். எர்காட் சர்க்கார் இலாகாவன்று. லாபநோக்கமின்றி நடத்தப்படும் தனி ஸ்தாபனமாகப் பதிவுபெற்றது. எனினும், அரசுக்குரிய விலக்குரிமை அதற்கும் உண்டென்றும், அதன்மேல் நஷ்ட ஈட்டு வழக்கு நில்லாதென்றும் டெக்ஸாஸ் உச்ச நியாயஸ்தலம் 2023 ஜூன் 23-ந் தேதி தீர்ப்பளித்தது. அரசன்மேல் பிரஜை வழக்காடலாகாது என்னும் பழைய ஆங்கிலக் கோட்பாடு, அரசனை அகற்றி இருநூறு வருஷங்களுக்கு மேலான ஒரு குடியரசில் இன்னும் உயிரோடிருக்கிறது. நீதிபதிகள் ஒன்பதின்மர், ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்.